பனி இறங்கினால் விழும் லைன்: ராமநாதபுரம் கடலோர இறால் பண்ணையில் ஒரு இன்சுலேட்டர் கோளாறு

பின்னணி

ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் இடையில், மன்னார் வளைகுடாவைப் பார்த்தாற்போல் ஒரு வனாமி இறால் பண்ணை. பெயர் வேண்டாம், உரிமையாளர் இதை எழுதச் சம்மதித்ததே அந்த நிபந்தனையில்தான். மெயின் ரோட்டோரம் 11 கே.வி. மீட்டரிங் செட் இருக்கிறது. அங்கிருந்து குளங்கள் வரை போகும் லைன் பண்ணையின் சொந்த லைன், கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரும் பண்ணையுடையதே. ரோட்டை விட்டு இறங்கியதும் லைன் சீமைக்கருவேலங்காட்டுக்குள் நுழையும், நடுவில், மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கும் ஒரு கரிமூட்டத்தை ஒட்டிப் போகும், பிறகு திரும்பிக் கடற்கரைக்கு இணையாக ஓடி இரண்டு டிரான்ஸ்ஃபார்மரில் முடியும்.

லைனைப் போட்ட காண்டிராக்டர் பரமக்குடிப் பக்கம் வயல்வெளியில் எப்படிப் போடுவாரோ அப்படியே இங்கேயும் போட்டிருந்தார். கம்பியைத் தாங்கி, கம்பத்தோடு மின்தொடர்பு இல்லாமல் பிரித்துவைக்கும் பீங்கான்தான் இன்சுலேட்டர். இங்கே இருந்தது சாதாரண 11 கே.வி. பின் இன்சுலேட்டர், ஊர்வு நீளம் 230 மி.மீ. இந்த ஊர்வு நீளம்தான் இந்தக் கதையில் அடிக்கடி வரப்போகிறது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மேலே கட்டியிருக்கும் கம்பியிலிருந்து ஓர் எறும்பு புறப்பட்டு, பீங்கானின் குடை மடிப்புகளுக்குள் எல்லாம் புகுந்து ஊர்ந்து, கீழே இரும்புப் பின்னைத் தொட எவ்வளவு தூரம் நடக்க வேண்டுமோ அதுதான் ஊர்வு நீளம். பீங்கானின் உயரத்தை விட அது எப்போதும் அதிகம்.

இறாலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஒரு லைன் டிரிப்புக்கு இவ்வளவு பெரிய கட்டுரையா என்று தோன்றும். குளத்து நீரில் உள்ள பாசிகள் பகலில் ஆக்சிஜன் விடும், இரவு முழுக்க அவையும் ஆக்சிஜனை உறிஞ்சும். அதனால் நீரில் கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் நேரம் விடியலுக்குச் சற்று முன்புதான். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் இறால் தடுமாற ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில், நீரைக் கலக்கிக் காற்றேற்றும் ஏரேட்டர் ஓடியே ஆக வேண்டும். கோளாறு வந்ததோ சரியாக அந்த நேரத்தில்.

கோளாறு எப்படி வந்தது

அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்திருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்ய வேண்டியதில் பாதிகூட இல்லை என்று ஊரில் எல்லாரும் புலம்பிக்கொண்டிருந்தார்கள். தை பிறந்து பனி இறங்க ஆரம்பித்ததும் லைன் விழத் தொடங்கியது. அதிகாலை 4 மணியிலிருந்து 6 மணிக்குள், மின்சாரம் பூமிக்குப் பாய்வதைக் கண்டறியும் எர்த் ஃபால்ட் ரிலே இயங்கிப் பிரேக்கர் விழும், லைனில் மின்சாரம் நின்றுவிடும். ஆப்பரேட்டர் திரும்பப் போட்டால் சில நாள் நிற்கும், சில நாள் போட்ட மறுநொடியே விழும். வெயில் ஏறி எட்டு மணி ஆனால் எதுவுமே நடக்காத மாதிரி நிற்கும், அன்று முழுக்க ஒரு தொந்தரவும் இராது.

இதில் வெளியே தெரியாத ஒரு விஷயம் உண்டு. மின்சாரம் சில நொடிகளே போய் வந்தாலும் ஏரேட்டர் மோட்டார்களின் ஸ்டார்ட்டர்கள் விழுந்துவிடும். மின்சாரம் வந்துவிட்டது என்று ஷெட்டில் இருப்பவர் நினைப்பார், ஆனால் ஒவ்வொரு குளமாக நடந்துபோய்ப் பச்சை பட்டனை அமுக்கினால்தான் ஏரேட்டர் சுற்றும். இருட்டில், வழுக்கும் கரையில், ஒரே ஆள். லைன் டிரிப் ஆன நேரத்தை விட இந்த நடைக்கு ஆகும் நேரம்தான் அதிகம்.

ஒரு விடியலில் லைன் நிற்கவே இல்லை, ஜெனரேட்டரும் பேட்டரி இறங்கிப்போய்க் கிளம்பவில்லை. ஒரு குளத்தில் இறால்கள் கரையோரமாக மேலே வந்து ஒதுங்கின. வெளிச்சம் வந்தபோது அந்தக் குளம் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. அன்று காலைதான் உரிமையாளர் என்னைக் கூப்பிட்டார். தூத்துக்குடி, ராமநாதபுரம் பகுதியில் தனியார் உயர் அழுத்த (ஹெச்.டி.) மின் இணைப்புகளின் பராமரிப்பைப் பார்த்துக் கொடுப்பது என் வேலை.

முதலில் பார்த்தவை

நான் போவதற்கு முன்பே பண்ணையில் நிறைய செய்திருந்தார்கள். லைனுக்குப் பக்கத்தில் வந்த கருவேலங்கிளைகளை வெட்டியிருந்தார்கள். அணில், காக்கை என்று சந்தேகப்பட்டுக் கம்பங்களின் அடியில் செத்த பிராணி கிடக்கிறதா என்று தேடியிருந்தார்கள், கிடைக்கவில்லை. மின்னலிலிருந்து லைனைக் காக்கும் எல்.ஏ. மூன்றையும் மாற்றியிருந்தார்கள், அந்தச் செலவு வீண். பகலில் லைனை நிறுத்தி, காப்பின் தடையை அளக்கும் மெகர் வைத்துப் பார்த்திருந்தார்கள், முள் இன்ஃபினிட்டிக்குப் போய் நின்றது, அதாவது கசிவே இல்லை. நானும் நண்பகலில் வைத்தேன், அதேதான். மதியம் ஒரு மணிக்கு அந்த லைனைப் பார்த்தால் மாவட்டத்திலேயே நல்ல லைன் அதுதான் என்று எழுதிக் கொடுத்துவிடலாம்.

சூப்பர்வைசர் இன்னொன்றும் செய்திருந்தார். பீங்கானில் தூசி படிந்திருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, லைனை நிறுத்திவிட்டுப் பண்ணை போர் தண்ணீரைப் பம்பு வைத்து அடித்திருந்தார். எண்ணம் சரி, தண்ணீர் தப்பு. அங்கே போரில் வருவது உவர்நீர். பீங்கானில் பட்ட தண்ணீர் காய்ந்ததும் அதன் உப்பு அங்கேயே தங்கிவிட்டது. அதற்கு அடுத்த விடியல்களில் லைன் வழக்கத்தை விட முன்னதாகவே விழுந்தது என்று ஆப்பரேட்டரின் லாக் புத்தகத்தில் இருக்கிறது. எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான தடயம் அந்தப் புத்தகம்தான்: டிரிப் நேரங்களைப் பார்த்தால் காற்று வீசிய இரவுகளில் ஒன்றுமில்லை, காற்று நின்று பனி கொட்டிய இரவுகளில் எல்லாம் டிரிப்.

சங்கத்தில் கேட்டது

மின்காப்புக்கும் மின்கடத்தாப் பொருள்களுக்கும் என்றே, மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ.இ.இ.இ.-யில் தனிச் சங்கம் ஒன்று உண்டு. நம்மில் பலருக்கு அது பேராசிரியர்கள் கட்டுரை போடும் இடம் என்ற அளவில்தான் தெரியும். அதன் ஆய்விதழ் 1965-லிருந்து வருகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் மின்காப்பு சஞ்சிகை 1985-லிருந்து வருகிறது, இது நம்மைப் போன்ற களப் பொறியாளர்களும் உட்கார்ந்து படிக்கும்படி இருக்கும். கேபிள், ஜெனரேட்டர் வைண்டிங், டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் என்று அங்கே பேச்சு அதிகம் என்றாலும், வெளிப்புற இன்சுலேட்டர்களில் மாசு படிவதைப் பற்றி மட்டும் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவர்களும் அதில் இருக்கிறார்கள். அதில் உறுப்பினரான, ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரிடம் லாக் புத்தகத்தின் படங்களை அனுப்பி விவரம் கேட்டேன்.

அவர் முதலில் அனுப்பியது ஒரு பக்கம் முழுக்கச் சமன்பாடு. 1958-ல் ஜெர்மனியின் ஒபெனாஸ் எழுதியதிலிருந்து தொடங்கியிருந்தார். இதை வைத்துக்கொண்டு நான் கம்பம் ஏற முடியாது ஐயா என்றதும் சிரித்துவிட்டு, மூன்றே கேள்வி கேட்டார். பனி நேரத்தில் கம்பத்தடியில் போய் நின்றீர்களா? பீங்கானில் இருப்பது என்ன என்று அளந்தீர்களா? ஊர்வு நீளத்தை எந்த வோல்ட்டேஜால் வகுத்தீர்கள்? மூன்றாவது கேள்வி அப்போது எனக்கு அற்பமாகப் பட்டது. அதில்தான் விஷயம் இருந்தது என்பது பிறகு தெரிந்தது, அதற்கு வருகிறேன்.

பனியில் நடப்பதை அவர் விளக்கியது இது. காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது, அதனால்தான் பகலில் மெகர் ஒன்றும் காட்டவில்லை. கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை, மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும், மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ஆகப் பனித்துளி விழுவதற்கு முன்பே பீங்கானின் மேல்தோல் நனைந்துவிடும். நனைந்த தோல் வழியாகக் கசிவு மின்னோட்டம் ஓடும், ஓடும் இடம் சூடாகும், பின்னுக்குப் பக்கத்தில் குறுகலான இடத்தில் ஈரம் ஆவியாகி ஒரு வளையம் மட்டும் காய்ந்துவிடும். இப்போது முழு வோல்ட்டேஜும் அந்தக் காய்ந்த வளையத்தின் மேல் வந்து உட்காரும், அதைத் தாண்டிப் பொறி பாயும். மீதி ஈரத்தோலின் தடை போதுமான அளவு இருந்தால் பொறி அங்கேயே அணைந்துவிடும். தோல் நன்றாகக் கடத்துகிறதென்றால் பொறி நீண்டு நீண்டு கம்பியிலிருந்து பின் வரை எட்டிவிடும், ரிலே விழும். நல்ல மழை பெய்தால் உப்பைக் கழுவிவிடும். பனியும் தூறலும் நனைக்கும், கழுவாது.

இரவில் கம்பத்தடியில்

பண்ணையில் லைன் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர், வயது அறுபதைத் தாண்டியவர், துணைக்கு வந்தார். அதிகாலை மூன்று மணிக்கு மேல் காற்று சுத்தமாக நின்றுவிட்டது, சட்டை தோளில் ஒட்டும் அளவுக்கு ஈரம். டார்ச்சை அணைத்துவிட்டுக் கம்பங்களிலிருந்து தள்ளியே நடந்தோம்.

கடற்கரைப் பக்கக் கம்பங்களில் முதலில் சத்தம்தான் கேட்டது, தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருமே அந்தச் ‘சர்ர்’. கூடவே பீங்கானின் கழுத்தில் மங்கிய ஊதா வெளிச்சம். அதைப் பார்த்து நான் படம் எடுக்கத் தொடங்கியபோது பெரியவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“சார், கடக்கரைக் கம்பம் கத்தத்தான் செய்யும். விழுறது என்னமோ கரிக்காரர் கம்பம்தான், அங்க வாங்க.”

கரிமூட்டத்தை ஒட்டிய கம்பங்களில் சத்தம் குறைவு. ஆனால் குடையின் அடிப்பக்கத்தில் மஞ்சளும் ஆரஞ்சுமாகச் சின்னப் பொறிகள் ஓடி ஓடி நின்றன, ஒரு இடத்தில் அணைந்து அடுத்த இடத்தில் பிடித்தன. ஊதா வெளிச்சம் காற்று அயனியாவது, மஞ்சள் பொறி என்றால் மேற்பரப்பிலேயே மின்னோட்டம் ஓடிக் காய்ந்த வளையத்தைத் தாண்டுகிறது என்று அர்த்தம். ஆபத்து இரண்டாவதில்தான். நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே நடுக் கம்பத்தில் ஒரு பொறி நீளமாக எழுந்தது, பளிச்சென்ற வெளிச்சம், பண்ணைப் பக்கம் விளக்குகள் எல்லாம் அணைந்தன. ரிலேயும் எர்த் ஃபால்ட் காட்டியது.

கடலுக்குப் பக்கத்துக் கம்பம் நிற்கிறது, உள்ளே இருக்கும் கம்பம் விழுகிறது. உப்பு மட்டும்தான் காரணம் என்றால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

துடைத்து அளந்தது

மறுநாள் நண்பகலில் லைனை நிறுத்தி எல்.சி. (லைன் கிளியர்) அனுமதி எடுத்து, லைனைப் பூமியோடு இணைக்கும் எர்த் ராடு போட்டு, இரண்டு பக்கத்திலிருந்தும் சில பீங்கான்களைக் குடையைத் தொடாமல் கழற்றி இறக்கினோம். இதற்கென்று தனி ஆய்வகம் தேவையில்லை என்பது எனக்கே வியப்பு. பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரை அளந்து ஊற்றி, சுத்தமான பஞ்சால் பீங்கானை முழுக்கத் துடைத்து, அந்தப் பஞ்சை அதே நீரில் பிழிந்து அலசுவார்கள். அந்த நீரின் மின்கடத்துத் திறனை அளந்து, 20 டிகிரி வெப்பநிலைக்குத் திருத்தி, எவ்வளவு உப்புக்குச் சமம் என்று கணக்கிட்டு, பீங்கானின் மேற்பரப்பால் வகுப்பார்கள். கிடைப்பது ஒரு சதுர செண்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்ற எண். கடத்துத் திறன் மீட்டர் பண்ணையிலேயே இருந்தது, இறால் குளத்துக்கு அது இல்லாமல் முடியாது. மேற்பரப்பை அளக்கத்தான் பொறுமை வேண்டும்: தாளைத் துண்டு துண்டாக வெட்டிப் பீங்கானின் வளைவுகளில் ஒட்டி, பிரித்து, கிராஃப் தாளில் பரப்பி எண்ணினோம்.

கரையாமல் நீரில் மிதக்கும் தூசியை வடிதாளில் வடித்துக் காயவைத்து எடை பார்க்க வேண்டும். மில்லிகிராம் காட்டும் தராசுக்கு எங்கே போவது? ராமநாதபுரத்தில் தெரிந்த நகைக்கடைக்குப் போனோம். கருப்புத் தூள் படிந்த வடிதாள்களைத் தங்கம் நிறுக்கும் தட்டில் வைக்க கடைக்காரர் முதலில் சம்மதிக்கவில்லை, கண்ணாடித் தாளில் சுற்றித் தருகிறோம் என்றதும் சரி என்றார்.

சதுர செண்டிமீட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் உப்பு இருந்தாலே கன மாசு என்பது இத்துறையில் நெடுநாளாகப் புழங்கும் வகைப்பாடு. கடற்கரைப் பீங்கான்கள் அதைத் தாண்டியிருந்தன, எதிர்பார்த்ததுதான். கரிமூட்டப் பக்கத்துப் பீங்கான்களில் உப்பு கடற்கரையை விடக் கொஞ்சம் குறைவு. ஆனால் வடிதாளில் நின்ற தூசி பல மடங்கு. கடற்கரைப் பஞ்சு சாம்பல் வெள்ளையாக வந்தது, கரிமூட்டப் பஞ்சு அடுப்புக்கரி துடைத்த துணி மாதிரி. குளத்துக்கு வைத்திருந்த பி.ஹெச். மீட்டரையும் அந்த நீரில் வைத்துப் பார்த்தோம், நன்றாகக் காரம் காட்டியது. மரச்சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கும், அது காரம், நீரிலும் கரையும், காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும்.

ஆகக் கரிக்காரர் கம்பத்தில் நடந்தது இரண்டும் சேர்ந்தது. தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலம் முழுக்கக் கடல் காற்று உப்பைக் கொண்டுவந்து சேர்த்தது. மழை சரியாகப் பெய்யாததால் அது கழுவப்படவில்லை, பெய்தாலும் குடையின் அடிப்பக்கத்தை மழை தொடுவதில்லை. அதன் மேல் மழை முடிந்ததும் தொடங்கிய கரிமூட்டத்தின் தூளும் சாம்பலும் படிந்தன. கடற்கரைப் பீங்கானில் ஈரம் ஒரு மெல்லிய படலம், அளவு மீறினால் வழிந்துவிடும், உப்பும் கொஞ்சம் சேர்ந்து போகும். கரித்தூள் அடுக்கு நீரை வழிய விடாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது, உப்பு அதிலேயே கரைந்து நிற்கிறது.

மூன்றாவது கேள்வி

பேராசிரியர் கேட்ட வோல்ட்டேஜ் விஷயத்துக்கு இப்போது வருகிறேன். மாசுள்ள இடத்துக்கு எந்த இன்சுலேட்டர் என்று வழிகாட்டும் சர்வதேச ஆவணம் ஐ.இ.சி. 60815. அதன் 1986 பதிப்பில் ஊர்வு நீளத்தைக் கம்பிக்குக் கம்பி உள்ள உச்ச வோல்ட்டேஜால் வகுக்க வேண்டும். ஒரு கே.வி.க்கு லேசான மாசுக்கு 16 மி.மீ., நடுத்தரத்துக்கு 20, கன மாசுக்கு 25, மிகக் கனத்துக்கு 31. நம் 11 கே.வி. லைனில் ஏறக்கூடிய உச்ச வோல்ட்டேஜ் 12 கே.வி., 230-ஐ 12-ஆல் வகுத்தால் 19. அதாவது நடுத்தர மாசுக்கே பத்தாத பீங்கான் கடற்கரையில் நிற்கிறது.

2008-ல் வந்த புதுப் பதிப்பில் கம்பிக்கும் பூமிக்கும் உள்ள வோல்ட்டேஜால் வகுக்கிறார்கள். அதன்படி அதே வகுப்புகளுக்கு 27.8, 34.7, 43.3, 53.7 என்று எண்கள் ஏறிவிட்டன. பீங்கான் மாறவில்லை, வகுக்கும் எண்தான் மாறியது. 12-ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 6.93, 230-ஐ அதால் வகுத்தால் 33. லைன் போட்ட காலத்தில் பொருள் கொடுத்த விற்பனையாளர் எழுதிக் கொடுத்திருந்த தாளில் ஒரு கே.வி.க்கு 33 மி.மீ., மிகக் கன மாசுக்குத் தேவை 31, எனவே போதும் என்று இருந்தது. புது முறையில் வகுத்துவிட்டுப் பழைய அட்டவணையோடு ஒப்பிட்டிருக்கிறார். படித்தால் சந்தேகமே வராத தாள் அது. கடலோரத்தில் இருக்கும் யாரும் தங்கள் கோப்பில் இப்படி ஒரு தாள் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு லைனைப் பற்றியது அல்ல. ஸ்டார்ட்டர்களுக்கு டைமர் போட்டு, மின்சாரம் வந்தவுடன் குளம் குளமாகச் சில நொடி இடைவெளியில் தானே ஓடும்படி செய்தோம், எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பினால் டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது என்பதால் இடைவெளி. ஜெனரேட்டருக்குப் புதுப் பேட்டரியும் தானாகக் கிளம்பும் பேனலும். பட்டன் அமுக்கப் போகும் ஆள் கரையில் வழுக்கி விழக்கூடும் என்பதும் இதை முதலில் செய்யச் சொன்னதற்கு ஒரு காரணம்.

அடுத்தது கழுவுதல். இந்த முறை உவர்நீர் இல்லை, கேன் தண்ணீர் நிரப்பும் ஆலையிலிருந்து ஆர்.ஓ. தண்ணீர் வாங்கினோம். ராமநாதபுரத்தில் குடிக்கவே தண்ணீரை விலை கொடுத்து வாங்கும்போது பீங்கானைக் கழுவவா என்று சூப்பர்வைசர் முணுமுணுத்தார், நியாயமான முணுமுணுப்பு. அதனால் பம்பு வைத்து அடிக்காமல் லைனை நிறுத்தி ஈரத்துணியால் கையால் துடைக்க வைத்தோம், தண்ணீர் மிச்சம், அடிப்பக்க மடிப்பும் சுத்தமாகும். அந்த மாசி முழுக்க இதுதான் காப்பாற்றியது.

நிரந்தரத் தீர்வுக்கு நான்கு வழி பேசினோம். சிலிகான் கிரீஸ் தடவுவது முதலிலேயே போய்விட்டது, கிரீஸ் தூசியை விழுங்கிக்கொள்ளும் என்றாலும் கரிமூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரே பருவத்தில் நிரம்பிவிடும், பிறகு அதை வழித்தெடுப்பது தனி வேலை. பழைய பீங்கானின் மேல் ஆர்.டி.வி. என்ற, சாதாரண வெப்பநிலையிலேயே இறுகும் சிலிகான் பூச்சு அடிப்பது நல்ல முறை, அதற்கு ஐ.இ.இ.இ.-யின் 1523 எண் வழிகாட்டியே இருக்கிறது. ஆனால் பூச்சுக்கு முன் பீங்கான் முழுக்கச் சுத்தமாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும், அந்தக் காற்றில் அது நடக்கிற காரியமில்லை. கம்பி கருவிக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் பெரிய துணைநிலையப் புஷிங்குகளுக்கு அந்தச் செலவு தகும், 11 கே.வி. பின்னுக்குப் பூச்சு அடிப்பதை விட மாற்றிவிடுவதே மலிவு.

மிச்சம் இருந்தவை இரண்டு: 22 கே.வி. பீங்கான், சிலிகான் ரப்பர் பாலிமர். 22 கே.வி. பீங்கானின் ஊர்வு நீளம் 430 மி.மீ., பழைய கணக்கில் ஒரு கே.வி.க்கு 36 மி.மீ. வருகிறது, மிகக் கன மாசையும் தாண்டும். பாலிமருக்கு இருக்கும் சிறப்பு வேறு. சிலிகான் மேல் நீர் படலமாகப் பரவாது, தனித்தனி முத்தாக நிற்கும், அதனால் மின்னோட்டம் ஓடத் தொடர்ச்சியான பாதை கிடைக்காது. அதை விட முக்கியம், சிலிகானில் இருக்கும் இலேசான மூலக்கூறுகள் மெல்ல வெளியே கசிந்து மேலே படிந்த அழுக்குக்கும் அந்தக் குணத்தைக் கொடுத்துவிடும். பீங்கானோ கண்ணாடியோ இதைச் செய்யாது.

அப்படியென்றால் எல்லாவற்றையும் பாலிமராக மாற்றியிருக்கலாமே என்று உரிமையாளரும் கேட்டார். சந்தையில் பாலிமர் என்ற பெயரில் வருவதெல்லாம் நல்ல சிலிகான் இல்லை. வெயிலும் பொறியும் பட்டுச் சில வருஷத்தில் வெளுத்து வெடிப்பு விட்டவற்றை இதே கடலோரத்தில் பார்த்திருக்கிறேன். அதனால் கரிமூட்டத்தை ஒட்டிய கம்பங்களுக்கு மட்டும் சோதனைச் சான்றிதழ் உள்ள சிலிகான் பாலிமர், கடற்கரை வரிசைக்கு 22 கே.வி. பீங்கான் என்று பிரித்தோம். பெரிய பீங்கானுக்குப் பின்னையும் சேர்த்து மாற்ற வேண்டி வந்தது, அந்தச் செலவு மதிப்பீட்டில் இல்லை, கொஞ்சம் சண்டை நடந்தது.

கரிமூட்டக்காரர்களிடமும் பேசினோம். அவர்கள் குத்தகைக்கு மரம் வெட்டிப் பிழைப்பவர்கள். “காத்து திரும்புனா நாங்க என்னண்ணே செய்ய முடியும்?” என்று சூப்பர்வைசரிடம் கேட்டார்கள். நில உரிமையாளர் சம்மதித்ததால் அடுத்த மூட்டத்தைக் காட்டின் மறுபக்கம் போட்டார்கள். முழுத் தீர்வு இல்லை, தூள் குறைந்தது.

அடுத்த பனிக்காலம்

மறுவருஷம் மழை ஓரளவு பெய்தது, அதனால் இரண்டு பருவங்களையும் அப்படியே ஒப்பிட முடியாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பனி கொட்டிய இரவுகள் நிறையவே இருந்தன. கடற்கரைக் கம்பங்கள் பழையபடி கத்தின, விழவில்லை. கரிமூட்டக் கம்பங்கள் அமைதி.

ஆனாலும் ஒரு விடியலில் லைன் விழுந்தது. தேடிப் பார்த்தால், லைனைத் துண்டிக்கக் கம்பத்தில் வைத்திருக்கும் ஏ.பி. ஸ்விட்சைத் தாங்கும் பழைய 11 கே.வி. போஸ்ட் இன்சுலேட்டர், கம்பங்களை எண்ணும்போது அது பட்டியலில் வரவே இல்லை. லைன் முழுக்க பலப்படுத்தினால் மிச்சமிருக்கும் பலவீனமான இடத்துக்குக் கோளாறு நகர்ந்துவிடும். அதையும் மாற்றி, டிரான்ஸ்ஃபார்மர் புஷிங்குகளைத் துடைக்கும் பட்டியலில் சேர்த்தோம். டைமர்கள் வேலை செய்ததால் அன்று குளத்தில் ஒரு பாதிப்பும் இல்லை.

பாலிமரின் நிலையைப் பார்க்கச் செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டில் போதும். லைனை நிறுத்தி, தெளித்து, துளி எப்படி நிற்கிறது என்று பார்த்து ஒன்றிலிருந்து ஏழு வரை தரம் போடும் முறை சுவீடனில் உருவாகி எல்லா இடத்திலும் புழங்குகிறது. மேல் குடைகளில் நீர் முத்து முத்தாக நின்றது. பின்னுக்குப் பக்கத்தில், கரித்தூள் தடிமனாக இருந்த இடத்தில், பட்டையாகப் பரவியது. துடைக்காமல் விட்டுவைத்து மறுமுறை போனபோது அங்கேயும் துளிகள் பிரிந்து நிற்கத் தொடங்கியிருந்தன, மூலக்கூறுகள் அடுக்கைத் தாண்டி மேலே வர நேரம் எடுக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். பாலிமர் போட்டாயிற்று, இனித் துடைக்கவே வேண்டாம் என்ற பேச்சை அதோடு நிறுத்தினோம்.

மாற்றியவையும் மாற்ற இருப்பவையும்

கழுவும் தேதி இப்போது காலண்டர்படி இல்லை, பருவத்தின்படி. கச்சான் ஓய்ந்தபின் புரட்டாசியில் ஒரு முறை, மழை முடிந்து பனிக்கு முன் மார்கழியில் ஒரு முறை, மழை பொய்த்தால் தையில் இன்னொன்று. கரிமூட்டப் பக்கம் ஒன்றும் கடற்கரையில் ஒன்றுமாக, மின்சாரம் இல்லாத வெற்றுப் பீங்கான்களைக் கம்பத்தில் தொங்கவிட்டிருக்கிறோம். லைனை நிறுத்தாமலே அவற்றை இறக்கித் துடைத்து அளக்கலாம். இது லைன் போட்ட நாளிலிருந்தே இருந்திருந்தால் எந்தப் பீங்கான் வேண்டும் என்று யாரும் ஊகிக்கத் தேவையிருந்திருக்காது. கொள்முதல் தாளில் 11 கே.வி. இன்சுலேட்டர் என்று மட்டும் எழுதுவதை நிறுத்தி, ஊர்வு நீளம் மி.மீ.-யில் இவ்வளவு என்று எழுதுகிறார்கள். பேராசிரியர் இந்த அளவுகளைக் கேட்டு வாங்கிப் பொறியியல் மாணவர்களுக்கான ஒரு பேச்சில் பயன்படுத்தினார்.

பூமிக்கடியில் கேபிள் போட்டுவிட்டால் என்ன என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. போடலாம். ஆனால் அங்கே இரண்டு மூன்று அடி தோண்டினாலே உப்புத் தண்ணீர், கேபிளைச் சுற்றியுள்ள எக்ஸ்.எல்.பி.இ. பிளாஸ்டிக் காப்புக்குள் ஈரம் புகுந்தால் வருஷக்கணக்கில் மரக்கிளை மாதிரி விரிசல் வளர்ந்து ஒருநாள் உடையும். அதனால் நீர்த்தடுப்பு நாடா உள்ள கேபிள்தான் வாங்க வேண்டும். கேபிளின் இரு முனைகளும் எப்படியும் வெளியே வந்து காற்றில்தான் நிற்கும், அவற்றுக்கும் இதே ஊர்வு நீளக் கணக்கு உண்டு. கரிமூட்டப் பகுதிக்கு மட்டும் விலை கேட்டு வாங்கினார் உரிமையாளர், இரண்டாவது ஜெனரேட்டரின் விலையோடு வைத்துப் பார்த்தார், இந்த வருஷத்துக்கு ஜெனரேட்டரை வாங்கிவிட்டார்.